இருபத்திரண்டு கெஜத்தின் உழைப்பாளர்கள்: கிரிக்கெட் ஆடுகளப் பணியின் வரலாறு

கிரிக்கெட் ஆட்டம் ஒன்றின் ஓட்டப்பட்டியலை எடுத்துப் பார்ப்பவர், இரு அணி ஆட்டக்காரர்களின் பெயர்களோடு களநடுவர்கள், மூன்றாம் நடுவர், ஆட்ட மேற்பார்வையாளர் ஆகியோரின் பெயர்களையும் அதில் காண்பார். ஆனால் அந்த ஆட்டம் நடந்த மண்ணைப் பல வாரங்களாகப் பதப்படுத்தி, நீர்விட்டு, உருளையால் அழுத்தி, புல் வெட்டி, கோடு கிழித்துக் கொடுத்தவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. கிரிக்கெட்டைப் பற்றி எழுதப்பட்ட நூல்களும் பெரும்பாலும் இந்தப் பட்டியலின் வழியிலேயே சென்றிருக்கின்றன. மட்டைவீச்சு ஒரு கலையாக வளர்ந்த கதையைப் பெரும் மட்டையாளர்களின் திறமையை மட்டும் கொண்டு விளக்கிவிட முடியாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் கூலிக்கு அமர்த்தப்பட்ட மைதானத் தொழிலாளர்கள் மேடுபள்ளமான புல்வெளியை நம்பத்தக்க தளமாக மாற்றியிராவிட்டால், பந்தின் எழும்பலை நம்பி ஆடும் முறை அந்த அளவுக்கு வளர்ந்திருக்குமா என்பது ஐயமே.

ஆடுகளம் என்று இங்கே குறிக்கப்படுவது மைதானத்தின் நடுவில் இரு முனைகளிலும் ஊன்றப்பட்ட ஸ்டம்புகளுக்கு இடைப்பட்ட, 22 கெஜம், அதாவது 20.12 மீட்டர் நீளமும் 10 அடி அகலமும் உள்ள பட்டையாகும். இத்தகைய பட்டைகள் பல அடுத்தடுத்து அமைந்த நடுப்பகுதி சதுக்கம் எனப்படும். ஒரு பட்டையில் ஆட்டம் நடக்கும்போது மற்றவை ஓய்வெடுக்கும். மேற்பரப்பில் களிமண் கூடுதலாக இருக்க வேண்டும், ஏனெனில் ஈரத்தில் இளகி, அழுத்தத்தில் இறுகி, காய்ந்தபின் கல்லைப்போல் கெட்டிப்படும் தன்மை களிமண்ணுக்கே உரியது. அந்த இறுக்கம் வெடித்துச் சிதறாமல் பிடித்துவைப்பது புல்லின் வேர். இந்திய மைதானங்களில் இதற்குப் பெரிதும் பயன்படும் புல் வகை, தமிழர் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லின் இனமே. மண்ணின் பதம் அறிந்து உருளையை ஓட்டுவதில்தான் இத்தொழிலின் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது: ஈரம் மிகுந்தால் மண் உருளையில் ஒட்டிக்கொண்டு பெயர்ந்துவரும், ஈரம் குறைந்தால் எவ்வளவு எடையை உருட்டினாலும் மண் இறுகாது, இரண்டுக்கும் இடைப்பட்ட சில மணி நேரத்தைக் கையால் தொட்டும் கட்டைவிரலால் அழுத்தியும் கண்டுகொள்ள வேண்டும். செம்மண் தளம் பந்தை நன்கு எழும்பச் செய்து, காய்ந்தால் விரைவில் பொடிந்துபோகும் என்பதும், கரிசல் தளம் ஈரத்தை நெடுநேரம் தாங்கிப் பந்தைத் தாழ்வாகவும் மெதுவாகவும் வரச்செய்யும் என்பதும் உழவர்களைப் போலவே இத்தொழிலாளர்களும் தலைமுறை அனுபவத்தால் சேர்த்துவைத்த அறிவாகும்.

தொடக்கத்தில் இப்படி ஒரு தொழிலே இருக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆட்டம் மேய்ச்சல் நிலங்களில் நடந்தது. 1774ஆம் ஆண்டின் விதித்தொகுப்பு, வெளியூரிலிருந்து வந்த அணி, எதிரணி குறித்துக்கொடுத்த மையத்திலிருந்து 30 கெஜத்துக்குள் தான் விரும்பிய இடத்தில் ஸ்டம்புகளை ஊன்றிக்கொள்ளலாம் என்று கூறியது. ஆடுகளம் ஆக்கப்படும் பொருளாக இல்லாமல், கிடக்கும் நிலத்தில் தேர்ந்தெடுக்கப்படும் பொருளாகவே இருந்தது என்பதற்கு இவ்விதி நல்ல சான்று. அத்தேர்வில் கைதேர்ந்தவராகப் புகழ்பெற்றவர், ‘லம்பி’ என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட எட்வர்ட் ஸ்டீவன்ஸ் என்ற பந்துவீச்சாளர். தம் பந்துக்குச் சாதகமாகச் சிறு மேடோ சரிவோ உள்ள இடத்தை அவர் கண்டுபிடித்துவிடுவார். அவர் டாங்கர்வில் பிரபுவின் மாளிகையில் தோட்டக்காரராக ஊழியம் செய்தவர் என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது: மண்ணோடு பழகிய உழைப்பாளியின் கண், ஆடுகளத் தொழில் தோன்றுவதற்கு முன்பே ஆட்டத்தின் போக்கைத் தீர்மானித்துக்கொண்டிருந்தது.

லண்டனில் தாமஸ் லார்ட் 1814ஆம் ஆண்டில் செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியில் திறந்த மைதானமே இன்றும் லார்ட்ஸ் என்று வழங்குகிறது. அங்கே நெடுங்காலம் புல் வெட்டும் வேலையைச் செய்தவை ஆடுகள். ஸ்மித்ஃபீல்டு சந்தைக்கு ஓட்டிச்செல்லப்பட்ட மந்தைகளை வழியில் மைதானத்துக்குள் மேயவிட்டனர். அவை தின்னாமல் விட்ட முரட்டுத் தண்டுகளைச் சிறுவர்கள் கையால் பிடுங்கினர். இச்சிறுவர்களே, பெயர் எதுவும் பதிவாகாத நிலையில், லார்ட்ஸ் மைதானத்தின் முதல் பராமரிப்பாளர்கள் எனலாம். எட்வின் பட்டிங் என்ற பொறியாளர் 1830இல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றுவிட்டபோதிலும், லார்ட்ஸை நிர்வகித்த மேரில்போன் கிரிக்கெட் கழகம் நிலையான களப்பணியாளர் ஒருவரை ஊதியத்துக்கு அமர்த்த 1864 வரை காத்திருந்தது. அக்காலத்தில் மைதானத்தின் மோசமான நிலையைக் காரணம் காட்டிச் சில மாவட்ட அணிகள் அங்கு ஆட மறுத்ததும் உண்டு.

ஒருவரை அமர்த்திய மாத்திரத்தில் மண் திருந்திவிடவில்லை. 1870ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், மேரில்போன் கழகத்துக்கு எதிராக நாட்டிங்காம்ஷயர் அணிக்காக லார்ட்ஸில் மட்டை பிடித்த ஜார்ஜ் சம்மர்ஸ் என்ற 25 வயது ஆட்டக்காரர், தாறுமாறாக எழும்பிய பந்து ஒன்று தலையில் தாக்கி, சில நாட்களில் உயிரிழந்தார். அவருடைய கல்லறைக்கு நினைவுக்கல் நட்ட செலவைக் கழகம் ஏற்றுக்கொண்டது. ஆடுகளப் பணி என்பது அழகுக்கோ வசதிக்கோ செய்யப்படும் துணைவேலையாக அதுவரை கருதப்பட்டிருக்கலாம். ஆட்டக்காரரின் உயிர் அதைச் சார்ந்திருக்கிறது என்பதைச் சம்மர்ஸின் மரணத்துக்குப் பிறகு எவரும் மறுத்திருக்க முடியாது.

அடுத்த முப்பது ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் வியக்கத்தக்கது. கனமான உருளைகள் வந்தன. அவற்றைக் குதிரைகள் இழுத்தன. குளம்புத் தடம் புல்லில் பதியாமல் இருக்கக் குதிரைகளுக்குத் தோலால் ஆன காலுறைகள் மாட்டப்பட்டன. நாட்டிங்காம்ஷயர் வட்டாரத்தில் கிடைத்த மார்ல் என்னும் சுண்ணாம்புச் சத்துள்ள களிமண்ணைப் பொடித்து, நீரில் கரைத்து, தளத்தின்மேல் பரப்பி உருட்டினால் வழவழப்பான, உறுதியான பரப்பு அமையும் என்பதைக் களப்பணியாளர்கள் தம் சொந்தச் சோதனைகளால் கண்டறிந்து மைதானத்துக்கு மைதானம் பரப்பினர். தெற்கு லண்டனின் ஓவல் மைதானத்தில் சாம் ஆப்டெட் தலைமைக் களப்பணியாளராக இருந்த காலத்தில் அங்குள்ள தளங்கள் மட்டையாளர்களின் சொர்க்கம் என்ற பெயரைப் பெற்றன. அதே மைதானத்தில் பின்னாளில் பொறுப்பிலிருந்தவர் ‘பாசர்’ மார்ட்டின். 1938 ஆகஸ்டில் அவர் ஆக்கிக்கொடுத்த தளத்தில் இங்கிலாந்து ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 7 விக்கெட் இழப்புக்கு 903 ஓட்டங்கள் எடுத்தது. லென் ஹட்டன் 13 மணி நேரத்துக்கும் மேல் ஆடி 364 ஓட்டங்கள் குவித்தார். ஹட்டனின் எண் இன்றும் மனப்பாடமாக ஒப்பிக்கப்படுகிறது. மார்ட்டினின் தளமோ, பந்துவீச்சாளர்களுக்கு இழைத்த அநீதி என்ற குற்றச்சாட்டோடுதான் பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது.

இங்கிலாந்தில் களப்பணியும் தொழில்முறை ஆட்டமும் ஒரே வர்க்கத்தாரின் கைகளில் பிணைந்திருந்தன. ஊதியம் பெறாமல் ஆடிய கனவான்கள் ஒரு பக்கமும், கூலிக்கு ஆடிய தொழில்முறை ஆட்டக்காரர்கள் மறுபக்கமும் என்று ஆட்டமே பிளவுண்டிருந்த காலத்தில், லார்ட்ஸின் களப்பணிக் குழு என்பது உழைப்பாளர் வீட்டு இளைஞர்கள் ஆட்டத்துக்குள் நுழையும் வாயிலாகவும் இருந்தது. கழக உறுப்பினர்களுக்குப் பந்து வீசுவது, ஓட்டப்பட்டியல் விற்பது, உருளை இழுப்பது, மழைவிரிப்பு இழுப்பது எல்லாம் அவர்களின் கடமைகள். டெனிஸ் காம்ப்டன் 1930களிலும் இயன் போத்தம் 1970களிலும் அந்தக் குழுவிலிருந்து வந்தவர்களே.

இதே பிணைப்பு இந்தியாவுக்கு வந்தபோது சாதியின் உருவத்தை எடுத்தது. அதைப் பல்வாங்கர் பாலூவின் வாழ்க்கையைவிடத் துல்லியமாகக் காட்டும் சான்று வேறில்லை. தீண்டத்தகாதது என்று ஒதுக்கப்பட்ட தோல்தொழில் சமூகத்தில் பிறந்த பாலூ, புனேயில் பார்சிகள் நடத்திய கிரிக்கெட் கழகம் ஒன்றில் மாதம் 3 ரூபாய் கூலிக்குத் தளத்தைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலையில் சேர்ந்தார். 1892ஐ ஒட்டி ஐரோப்பியரின் புனே கழகத்துக்கு மாறியபோது கூலி 4 ரூபாய் ஆயிற்று. தளத்தை உருட்டிக் கோடு கிழிப்பதும், பயிற்சி வலைகளைக் கட்டுவதும், தேவைப்பட்டால் டென்னிஸ் திடல்களுக்குக் கோடு போடுவதும் அவருடைய வேலைகள். இவற்றுக்கு மேலாக, பயிற்சிக்கு வரும் ஆங்கிலேயருக்கு இடக்கையால் சுழற்பந்து வீசவும் அவர் அழைக்கப்பட்டார். ஜே.ஜி. கிரெய்க் என்ற புகழ்பெற்ற மட்டையாளர் தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் அவருக்கு எட்டணா கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. மணிக்கணக்காகப் பந்து வீசிய அவர் கையில் மட்டையை மட்டும் ஒருவரும் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது கனவான்களுக்கு, பந்து வீசுவதும் உருளை இழுப்பதும் ஊழியர்களுக்கு என்ற பிரிவினை எழுதப்படாத விதியாக அங்கே நிலவியது.

பின்னர் புனேயின் இந்துக் கழகம் வெற்றிக்காகப் பாலூவைச் சேர்த்துக்கொண்டபோது, திடலில் மற்றவர்கள் தொட்ட அதே பந்தை அவரும் தொட்டார். ஆனால் தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை, அவருக்கு வெளியே வைத்து மண்குவளை. உணவுக்குத் தனித் தட்டு, தனி இடம். 1906இல் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ஓட்டங்கள் வித்தியாசத்தில் தோற்கடித்தபோது பாலூவும் அவருடைய தம்பி சிவராமும் அதில் ஆடினர். 1911ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காகப் பாலூ 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அத்தனைக்குப் பிறகும் அணித்தலைமை அவருக்கு வழங்கப்படவில்லை. 1923இல் அவருடைய இளைய தம்பி விட்டல்தான் இந்துக்கள் அணியின் தலைவரானார். பாலூவை ஒடுக்கப்பட்டோரின் முன்னோடி வீரராக நினைப்பது முற்றிலும் நியாயமானது. ஆனால் அவரைப் போலவே பெருக்கி, உருட்டி, வலைகட்டி, பந்துவீசி, ஆட்டக்காரராக ஒருபோதும் உயர்த்தப்படாமல் மறைந்துபோன ஊழியர்கள் ஒவ்வொரு கழகத்திலும் இருந்திருக்க வேண்டும். பாலூவின் மேதைமை காரணமாகவே அந்த உலகின் ஒரு மூலை நமக்குத் தெரியவருகிறது.

இந்தியத் துணைக்கண்டத்தில் புல்தளம் அரிதான ஆடம்பரமாகவே பல காலம் இருந்தது. அதைப் பேண வேண்டிய நீரும் மண்ணும் ஆட்களும் பெரிய கழகங்களுக்கே கட்டுப்படியாயின. மற்ற இடங்களில் தேங்காய் நாரினாலோ சணலினாலோ நெய்த நீண்ட பாயைக் கெட்டித்தரையின் மேல் விரித்து ஆடினர். மேட்டிங் என்று வழங்கிய இந்தப் பாய்த்தளம் உழைப்பைக் குறைத்ததே தவிர ஒழிக்கவில்லை. அடித்தரைக்கு நீர் தெளித்து உருட்ட வேண்டும், பாயைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஓரங்களில் ஆணி அடிக்க வேண்டும், ஆட்டம் முடிந்ததும் சுருட்டித் தூக்கிச் செல்ல வேண்டும். பாயை எவ்வளவு இறுக்கமாக இழுத்துக் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பந்தின் வேகமும் திரும்பலும் மாறின. ஆகவே சுத்தியல் பிடித்த ஊழியரின் கை ஆட்டத்தின் முடிவில் நேரடியாகவே பங்கு கொண்டது. 1952இல் லக்னோவில் இந்தியாவைப் பாகிஸ்தான் வென்ற டெஸ்ட், சணல் பாய்த்தளத்தில் நடந்தது. அதில் பசல் மஹ்மூத் 12 விக்கெட்டுகளைச் சாய்த்தார். 1959 டிசம்பரில் பாகிஸ்தானும் ஆஸ்திரேலியாவும் மோதிய கராச்சி ஆட்டத்தோடு டெஸ்ட் கிரிக்கெட்டில் பாய்த்தளத்தின் காலம் முடிந்தது.

மழையோடு போராடுவது இத்தொழிலின் மற்றொரு பாதி. தளத்தை மூடாமல் விடுவதே மரபாக இருந்த காலத்தில் நனைந்த மண் காயும்போது எப்படி நடந்துகொள்ளும் என்பது ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே ஏற்கப்பட்டது. தளத்தை முழுவதும் மூட வேண்டும் என்ற வழக்கம் பரவியபின், மழைத்துளி விழுந்த சில நிமிடங்களில் கனத்த தார்ப்பாய்களை இழுத்து விரிக்கும் பெரிய ஆட்படை தேவையாயிற்று. 1968 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டின் இறுதி நாளில் பெய்த மழை மைதானத்தைக் குளமாக்கியபோது, களப்பணியாளர்களோடு பார்வையாளர்களும் துடைப்பங்களையும் போர்வைகளையும் ஏந்தி நீரை வடித்தனர். அவ்வாறு மீட்கப்பட்ட ஒன்றேகால் மணி நேரத்தில் டெரெக் அண்டர்வுட் கடைசி நான்கு விக்கெட்டுகளைச் சாய்த்து இங்கிலாந்தை வெற்றிபெறச் செய்தார். கடைசி விக்கெட் விழும்போது எல்லா ஆட்டக்காரர்களும் மட்டையாளரைச் சூழ்ந்து நிற்கும் நிழற்படம் உலகப் புகழ்பெற்றது. அதற்கு முன் நீர் இறைத்தவர்களைக் காட்டும் படங்களும் இருக்கின்றன, அவையும் அதே வெற்றியின் ஆவணங்களே.

சென்னையில் மழை வேறு வகையான கணக்கை விதித்தது. 1846இல் தோன்றிய மெட்ராஸ் கிரிக்கெட் கழகத்தின் சேப்பாக்கம் மைதானத்தில் 1934 பிப்ரவரியில் முதல் டெஸ்ட் நடந்தது. 1952இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அங்கேதான். பின்னர் பொங்கலை ஒட்டி டெஸ்ட் நடத்துவது சென்னைவாசிகள் ஆவலோடு எதிர்பார்த்த வழக்கமாயிற்று. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிப்பதால், தை பிறக்கும் நேரத்துக்குத் தளம் காய்ந்து இறுக வேண்டுமென்றால் அதைப் பதப்படுத்தக் களப்பணியாளர்களுக்குக் கிடைத்தது சில வாரங்களே. புல்வெளியில் வரிசையாகக் குத்துக்காலிட்டு அமர்ந்து கையால் களை பறிக்கும் பெண்கள் இந்திய மைதானங்களில் வழக்கமான காட்சி. ஆட்டநாளில் தொலைக்காட்சியில் தெரியும் பச்சைப் பரப்பின் சீர்மையில் அவர்களின் பங்கு பெரிது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டுக்கு நான்கே நாட்கள் இருந்தன. நகரெங்கும் மரங்கள் சாய்ந்து, மின்சாரம் தடைபட்டுக் கிடந்தது. மட்டையாளர் பந்தைத் தெளிவாகக் காண்பதற்காக எல்லைக்கு வெளியே நிறுத்தப்படும் பெருந்திரைகள் சேப்பாக்கத்தில் சேதமடைந்திருந்தன. தளத்தில் ஈரம் தங்கியிருந்தது. ஊழியர்கள் தட்டுகளில் எரியும் கரியை நிரப்பித் தளத்தின்மேல் காட்டி, அந்த அனலால் மண்ணை உலர்த்தினர். அனல் மிகுந்தால் மேற்பரப்பு வெடிக்கும், குறைந்தால் ஈரம் போகாது என்பதால் இது பொறுமையும் கணிப்பும் வேண்டிய வேலை. டிசம்பர் 16 அன்று ஆட்டம் குறித்தபடி தொடங்கியது. அந்தத் தளம் ஐந்து நாளும் தாங்கியது. கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303 ஓட்டங்கள் எடுத்தார், இந்தியா 7 விக்கெட் இழப்புக்கு 759 ஓட்டங்கள் குவித்தது, இறுதி நாளில் ரவீந்திர ஜடேஜா 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். மட்டையாளருக்கும் சுழற்பந்து வீச்சாளருக்கும் உரிய நேரத்தில் உரிய பங்கைக் கொடுத்த இந்தத் தளம், புயலுக்குப் பிந்தைய நான்கு நாட்களில் மீட்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்கும்போது, சேப்பாக்கத்தின் நீண்ட வரலாற்றில் இதைவிடச் சிறந்த கைத்திறன் வெளிப்பட்ட தருணம் அரிது என்றே சொல்லத் தோன்றுகிறது.

களப்பணி பொதுவெளியில் பேசப்படுவது பெரும்பாலும் அது தவறும்போதுதான். 1998 ஜனவரியில் ஜமைக்காவின் சபைனா பார்க்கில் மேற்கிந்தியத் தீவுகளும் இங்கிலாந்தும் ஆடிய டெஸ்ட், தளம் ஆபத்தானது என்று 61 பந்துகளிலேயே கைவிடப்பட்டது. 2018 முதல் பன்னாட்டுக் கிரிக்கெட் பேரவை, தரம் குறைந்த தளம் அமைத்த மைதானங்களுக்குக் குறைப்புள்ளிகள் வழங்கி, அவை ஓர் அளவைத் தாண்டினால் பன்னாட்டு ஆட்டம் நடத்தும் உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்திவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. பாதுகாப்புக்கு இத்தகைய தண்டனை தேவையே. இருப்பினும், கியூரேட்டர் என்று இன்று அழைக்கப்படும் ஆடுகளப் பொறுப்பாளர் பல வேளைகளில் உள்ளூர் அணி நிர்வாகத்தின் விருப்பத்துக்கும் ஒளிபரப்பு அட்டவணைக்கும் இடையே நின்று தளம் அமைக்க வேண்டியிருக்கிறது. பழி மட்டும் அவர் தலையில் விழுகிறது.

இந்நிலையில் கொழும்பில் 2023 செப்டம்பரில் நிகழ்ந்தது புறக்கணிக்கத்தக்கதன்று. கெத்தாராம விகாரையை அடுத்த சதுப்பு நிலத்தில் 1986இல் கட்டப்பட்ட ஆர். பிரேமதாச மைதானத்தில் ஆசியக் கோப்பைப் போட்டிகள் மழைக்கிடையே நடந்தபோது, ஊழியர்கள் மைதானம் முழுவதையும் விரிப்புகளால் மூடுவதும் மழை விட்டதும் அவற்றை இழுத்து அகற்றுவதுமாக இருந்தனர். தலைக்கு மேல் கொட்டும் மழையில் அவர்கள் விரிப்போடு ஓடிய காட்சியைப் பல நாடுகளின் பார்வையாளர்கள் கண்டனர். செப்டம்பர் 17 அன்று மழையால் தாமதமாகத் தொடங்கிய இறுதி ஆட்டத்தில் இலங்கை 50 ஓட்டங்களில் சுருண்டது. 21 ஓட்டங்கள் கொடுத்து 6 விக்கெட்டுகளை வீழ்த்திய முகமது சிராஜ், ஆட்டநாயகனுக்கான 5,000 டாலர் பரிசை மைதான ஊழியர்களுக்கு அளிப்பதாக மேடையிலேயே அறிவித்தார். ஆசியக் கிரிக்கெட் பேரவையும் இலங்கைக் கிரிக்கெட் நிறுவனமும் இணைந்து கொழும்பு, கண்டி மைதானங்களின் பணியாளர்களுக்கு 50,000 டாலர் வழங்குவதாகத் தெரிவித்தன. மறு ஆண்டு மே 26 அன்று சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். இறுதி ஆட்டம் முடிந்தபின், இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் வழக்கமான பத்து மைதானங்களின் களப்பணியாளர்களுக்குத் தலா 25 லட்சம் ரூபாயும் கூடுதலாகப் பயன்பட்ட மூன்று மைதானங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாயும் அறிவித்தது.

இத்தொழிலின் வரலாற்றை முழுமையாக எழுத முற்படுவோருக்கு ஓட்டப்பட்டியல்கள் உதவ மாட்டா. கழகங்களின் கூலிப் பதிவேடுகள், கணக்குப் புத்தகங்களில் மண்ணுக்கும் பாய்க்கும் ஆணிக்கும் எழுதப்பட்ட செலவுகள், அணிகளின் பழைய நிழற்படங்களில் ஓரத்தில் உருளையோடு நிற்கும் பெயர் குறிக்கப்படாத மனிதர்கள் ஆகியவையே அதற்கான மூலங்கள். இவற்றோடு சேப்பாக்கத்திலும் ஈடன் கார்டன்ஸிலும் கெத்தாராமவிலும் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களின் வாய்மொழிச் சான்றுகளையும் அவர்கள் வாழும் காலத்திலேயே பதிவு செய்துகொள்வது அவசரமான பணியாக இருக்கிறது.